ஏரிக்கு மூத்த வீடு: காசல்ரீ கரை விடுதிக்கு வரலாற்றுப் பலகை எழுதுவது எப்படி?

#1 நாலாம்கட்டை

இலங்கை மலையகத்தில், காசல்ரீ நீர்த்தேக்கத்தின் நோர்வூட் பக்கக் கரையில் ஒரு பழைய துரை பங்களா, அதாவது தேயிலைத் தோட்ட அதிகாரியின் வீடு. இப்போது ஐந்து அறை பெட் அண்ட் பிரேக்ஃபாஸ்ட். வரவேற்பறைச் சுவரில் மும்மொழியிலும் ஒரு வரலாற்றுப் பலகை மாட்ட வேண்டும். கையில் இருக்கும் வாசகம் இது: "1865 முதல் ஏரிக்கரையில் வீற்றிருக்கும் பெரிய துரை பங்களா." ஆதாரம், பின்கட்டுக் கூரை ஓட்டில் பதிந்திருக்கும் 1865. முன்கட்டுக் கூரை முழுக்கத் தகரம்.

இது நிற்குமா? நிற்காதென்றால் எங்கிருந்து தேடத் தொடங்குவது?

#2 வரைபடப்பெட்டி

நிற்காது. 8 ஐ 9 ஆக்கினால் பாதி சரியாகும். அந்த ஏரியே 1965 இல் வந்தது. கெஹல்கமு ஓயா என்ற ஆற்றை மறித்துக் காசல்ரீ அணையைக் கட்டி, தண்ணீரைச் சுரங்கம் வழியாக நோர்ட்டன் பிரிட்ஜில் உள்ள விமலசுரேந்திர மின்நிலையத்துக்குக் கொண்டுபோனார்கள். அதற்கு முன் அந்த முற்றத்தில் நின்றால் கண்ணில் பட்டது ஒரு பள்ளத்தாக்கு, அடியில் ஓயா, இரு பக்கமும் தேயிலை. பக்கத்து மவுஸ்ஸாக்கலை இன்னும் இளையது, 1969. பழைய மஸ்கெலியா டவுன் மூழ்கியது அதில்தான். தண்ணீர் வற்றும் மாதங்களில் பழைய கோவிலும் விகாரையும் தலை காட்டும்.

மலையகத்தில் "ஏரிக்கரை" என்றால் எந்த ஏரி என்று கேட்டுவிட வேண்டும். கண்டி வாவி ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் 1807 இல் தொடங்கியது. நுவரெலியாவின் கிரகரி வாவி 1873. அந்த இரண்டு கரைகளிலும் வீட்டை விட ஏரி மூத்ததாக இருப்பது சாதாரணம். காசல்ரீ, மவுஸ்ஸாக்கலை, 1985 இல் வந்த கொத்மலையும் விக்டோரியாவும், 2012 இன் மேல் கொத்மலை எல்லாம் இதற்குத் தலைகீழ். அங்கே வீடு முதலில், தண்ணீர் பிறகு.

முதல் வேலையாக நில அளவைத் திணைக்களத்தின் ஒரு மைலுக்கு ஓர் அங்குல வரைபடத்தில், அதாவது 1:63,360 இல், அணைக்கு முந்திய பதிப்பு ஒன்றை எடுங்கள். பின்னால் வந்த 1:50,000 தாளை அதன் பக்கத்தில் வையுங்கள். ஒன்றில் ஆறு இருக்கும், மற்றதில் ஏரி. இரண்டிலும் அதே மேட்டில் கட்டடக் குறி இருக்கிறதா என்று பாருங்கள். இதைத் தாண்டக்கூடாது, ஏனென்றால் கீழே இருந்த பங்களா தண்ணீருக்குள் போய், மேலே கட்டிய வீட்டுக்குப் பழைய பெயரையே சூட்டியிருக்கவும் கூடும். பெயர் ஒன்றாக இருப்பதால் மட்டும் வீடு ஒன்றாகிவிடாது.

#3 சுண்ணாம்புச்சாந்து

ஓட்டுக் கதையை நான் முடித்துவிடுகிறேன். மங்களூரில் பேசல் மிஷன் ஓட்டுத் தொழிற்சாலை 1865 இல் தொடங்கியது. தொழிற்சாலை தொடங்கிய ஆண்டை ஓட்டிலேயே முத்திரையாகப் பதித்தார்கள். பல பத்தாண்டு கழித்துச் சுட்ட ஓட்டிலும் அதே 1865 தான் இருக்கும். அது கம்பனியின் பிறந்த ஆண்டு, உங்கள் வீட்டினுடையதல்ல. இலங்கையில் எத்தனை வீடுகளுக்கு இந்த ஓடு வயது கூட்டியிருக்கிறதோ!

தகரத்தையும் பாருங்கள். உட்பக்கத்தில், பெயின்ட் படாத ஓரத்தில் வட்ட முத்திரை இருந்தால் அது பிரிஸ்டலின் லைசாட் கம்பனியின் "ஓர்ப்" தகரமாக இருக்கலாம். அந்தக் கம்பனி 1857 இல் தொடங்கியது. ஆனால் தகரமும் சாட்சிக்கு உதவாத சாமான், கழற்றிப் புரட்டிப் போட்டு அடுத்த கட்டடத்துக்குக் கொண்டுபோவார்கள். ஆணித்துளையை எண்ணுங்கள். ஒரே தகட்டில் இரண்டு வரிசைத் துளை, ஒரு வரிசை அடைத்திருந்தால் அது வேறு கூரையிலிருந்து வந்தது.

கட்டடத்தின் வயதுக்கு எளிதில் மாற்ற முடியாததைப் பிடியுங்கள்.

கூரைச் சட்டத்தின் ஆணி: தலையிலிருந்து முனைவரை பட்டையாகச் சரிந்த நாலு பக்க ஆணி பழையது. உருண்டைக் கம்பி ஆணி 19 ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதிக்குப் பிறகுதான் பரவலானது. ஓர் ஆணியை நம்பாதீர்கள், கைமரமும் சுவர்ப்பலகையும் சேரும் மூட்டில் மூன்று நாலு இடத்தில் பாருங்கள். பழுதுபார்த்த ஆணி வெளியே தெரியும் இடத்தில் இருக்கும், முதல் ஆணி மூட்டுக்குள் ஒளிந்திருக்கும்.

சாந்து: சுவரின் மூலையில் ஆணியால் கீறுங்கள். பொடிப்பொடியாக உதிர்ந்தால் சுண்ணாம்பு, வெறும் கோடு மட்டும் விழுந்தால் சீமெந்து. முன்கட்டுக் கருங்கல் சுவர் சுண்ணாம்பிலும் பின்கட்டு சீமெந்திலும் இருந்தால் வீடு இரண்டு தடவையாகக் கட்டப்பட்டது. பலகையிலும் அப்படியே எழுத வேண்டும்.

குளியலறை: மூலைத் தாழ்வாரத்தை அடைத்துக் கட்டியதாக இருந்தால் பிற்சேர்க்கை. வெளிச்சுவரில் ஆள் குனிந்து வரும் உயரத்துக்கு ஒரு கதவு, அல்லது அதை அடைத்த தடம் இருக்கிறதா? குழாய்க் கழிவறை வருவதற்கு முன் வாளி எடுக்க வந்தவரின் கதவு அது. வீட்டுக்குள் கால் வைக்காமல் வந்து போக வேண்டும் என்பதற்காக வைத்தது. பூசி மறைத்துவிடாதீர்கள். வரலாறு என்றால் அதுவும்தான்.

#4 கரத்தை_ரோட்டு

உள்ளே இரும்பு உத்திரம் உண்டா? ரயில் நாவலப்பிட்டிக்கு 1874 இலும் ஹட்டனுக்கு 1884 இலும் வந்தது. பெரிய இரும்பு உத்திரம் இருந்தால் 1884 க்குப் பிறகு கட்டியது என்று எழுதிவிடலாமே.

#5 சுண்ணாம்புச்சாந்து

எழுத முடியாது அண்ணன். கோப்பி ஆலைகளுக்குப் பாரமான இயந்திரங்கள் மாட்டுக் கரத்தையிலேயே மலை ஏறியிருக்கின்றன. ரயில் வந்ததும் மலிவானது, அவ்வளவுதான். உத்திரத்தின் பக்கத்தில் வார்த்த எழுத்து இருக்கும், அதைப் படம் எடுங்கள். தயாரித்த கம்பனி தெரிந்தால் இதற்கு முன்னால் இருக்க முடியாது என்ற எல்லை கிடைக்கும். இதற்குப் பின்னால் இருக்க முடியாது என்ற எல்லையை உத்திரம் தராது. அதைக் காகிதம்தான் தரும்.

#6 வரைபடப்பெட்டி

காகிதம் என்றால் முதலில் பெர்குசனின் சிலோன் டைரக்டரி. கொழும்பு 7 இல் தேசிய சுவடிகள் திணைக்களத்தில் பார்க்கலாம். தோட்டம், மாவட்டம், உரிமையாளர், கொழும்பு முகவர், பொறுப்பான துரை, மொத்த ஏக்கர், பயிரிட்ட ஏக்கர் என்று வரிசையாக இருக்கும். ஒவ்வொரு ஆண்டையும் புரட்டிக்கொண்டிருக்க வேண்டாம். ஐந்து ஆண்டுக்கு ஒன்றாக எடுத்து, மாற்றம் தெரிகிற இடைவெளியில் மட்டும் ஆண்டாண்டாக இறங்குங்கள்.

பார்க்க வேண்டியது துரையின் பெயரை விட ஏக்கர் கணக்கு. டிக்கோயா கோப்பிக்காகத் திறந்த பகுதி. கோப்பி இலைத்துரு இலங்கையில் 1869 இல் தென்பட்டது, அடுத்த இருபது ஆண்டில் கோப்பி படுத்துவிட்டது. இடையில் கொயினா மருந்துக்கான சிங்கோனா மரம் வந்து போனது. பிறகு தேயிலை. உங்கள் தோட்டத்தின் கோப்பி ஏக்கர் குறைந்து தேயிலை ஏக்கர் ஏறும் ஆண்டுகளைப் பிடித்தால், பணம் வந்து நிலையான பங்களா கட்டியிருக்கக்கூடிய காலம் அதை ஒட்டித்தான் இருக்கும். கோப்பி காலத்தின் முதல் வீடுகள் பெரும்பாலும் வரிச்சுக் கட்டி மண் பூசி, மானாப்புல் வேய்ந்தவை. டைரக்டரியில் தோட்டம் இருப்பதாலேயே இந்தக் கல்வீடும் அன்றே இருந்தது என்று நினைத்துவிடக் கூடாது.

இன்னும் இரண்டு குழி. ஒன்று, "குரூப்" என்ற பெயர். சின்னத் தோட்டங்களைச் சேர்த்து ஒரு பெயரில் ஓட்டும்போது பழைய பெயர் கணக்கின், அதாவது தோட்டப் பிரிவின், பெயராக மட்டும் மிஞ்சும். உங்கள் பங்களா இன்றைய மேற்கணக்கில் இருந்தால், அது ஒரு காலத்தில் தனித் தோட்டமாகவும் இருந்திருக்கலாம். இரண்டு, "பெரிய துரை பங்களா" என்ற பட்டம். விடுதியான ஒவ்வொரு வீடும் பெரிய துரையுடையதாகிவிடுகிறது! சின்ன துரை (உதவித் தோட்ட அதிகாரி) பங்களாவும், சில இடத்தில் கிளாக்கர் வீடும்கூட. கணப்பு அடுப்பு எத்தனை, வேலையாட்கள் கட்டு தனியாக உண்டா, தொழிற்சாலைக்கும் ரோட்டுக்கும் எவ்வளவு தூரம் என்று பாருங்கள். ஒரே ஒரு கணப்பு, இரண்டு படுக்கையறை என்றால் பெரும்பாலும் சின்ன துரைதான்.

டிக்கோயாவில் 1878 இல் கட்டிய வார்லி தேவாலயம் இன்று அதே நீர்த்தேக்கத்தைப் பார்த்தபடி நிற்கிறது. கல்லறைகளில் தோட்டப் பெயர்கள் இருக்கும். டைரக்டரியில் கிடைத்த பெயரை அங்கே ஒப்பிடலாம். ஆனால் உங்கள் பலகையில் யாருடைய சாவையும் ஆவிக் கதையாக்கிவிடாதீர்கள். அந்த வியாதி பங்களா விடுதிகளில் நிறைய.

#7 உறுதிக்கட்டு

காணிப் பக்கம். காணிப் பதிவகத்தில் உறுதிகளின் (காணிப் பத்திரங்களின்) பதிவு தொகுதி, பக்கம் என்று ஓடும். இன்றைய பக்கத்தின் தலையில் எந்தப் பக்கத்திலிருந்து கொண்டுவரப்பட்டது என்று இருக்கும். அதைப் பிடித்துப் பின்னோக்கி நடப்பதுதான் வேலை. விற்பனைக்கு வழமையாக 30 ஆண்டு பார்ப்பார்கள். வரலாற்றுக்கு அது போதாது, கடைசிப் பக்கம் வரை போங்கள். அங்கே முடிக்குரிய வழங்கலும் (அரசு காணியை முதலில் கொடுத்த பத்திரம்) உரிமை வரைபட இலக்கமும் கிடைத்தால், அந்த இலக்கத்தைச் சொல்லி நில அளவைத் திணைக்களத்தில் பிரதி கேட்கலாம். பரப்பு ஏக்கர், ரூட், பேர்ச் என்று மூன்று எண்ணாக இருக்கும். 40 பேர்ச் ஒரு ரூட், 4 ரூட் ஓர் ஏக்கர். இதைத் தசமமாக வாசித்து ஏமாந்தவர்கள் உண்டு.

பெரிய ஏமாற்று எல்லை விபரத்தில் இருக்கிறது. "தெற்கே கெஹல்கமு ஓயா" என்று கண்டவுடன் இது 1965 க்கு முந்திய உறுதி என்று துள்ள வேண்டாம். உறுதி எழுதும் நொத்தாரிசு முந்திய உறுதியின் அட்டவணையைச் சொல் பிசகாமல் பார்த்தெழுதுவார். ஏரி வந்து பல ஆண்டு கழித்து எழுதிய உறுதியிலும் ஓயாவே எல்லையாக ஓடிக்கொண்டிருக்கும். பார்க்க வேண்டியது உறுதியின் தேதி, அது சுட்டும் வரைபடத்தின் தேதி. இரண்டும் வேறு வேறு.

1972 க்குப் பிறகு சங்கிலி முறியும். அந்த ஆண்டின் காணிச் சீர்திருத்தச் சட்டம் தனியாருக்கு 50 ஏக்கர் உச்சவரம்பு வைத்தது. 1975 திருத்தம் கம்பனித் தோட்டங்களையும் அரசுக்கு எடுத்தது. பிறகு தோட்டங்கள் பெரும்பாலும் ஜனவசம, அரச பெருந்தோட்டக் கூட்டுத்தாபனம் என்ற இரண்டு கைகளில். 1992 இல் நிர்வாகம் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளுக்குப் போனது, பிறகு 53 ஆண்டு நீண்டகாலக் குத்தகையானது. ஆகவே விடுதி நடத்துபவர் பெரும்பாலும் துணைக் குத்தகைக்காரர். பலகையில் "எங்கள் குடும்பச் சொத்து" என்று எழுதும் முன் ஒப்பந்தத்தை வாசியுங்கள். விபரம் பிழையென்றால் சிரிப்பார்கள், உரிமை பிழையென்றால் கடிதம் வரும்.

ஏரி ஓரம் பற்றி ஒரு சொல். நீர்த்தேக்க ஒதுக்கு நிலத்தை அளப்பது முழுக் கொள்ளளவு மட்டத்திலிருந்து. பங்குனி மாதம் தண்ணீர் நிற்கிற இடத்திலிருந்து அல்ல. வற்றிய கரையில் கூடாரமும் பலகை மேடையும் போட்டுவிட்டு, ஆடியில் அவை மிதப்பதைப் பார்க்கிறவர்களுக்கு இது புரியும். பங்களாவை ஒட்டிப் புதுக் கட்டடம் எழுப்புவதானால் தேசிய கட்டட ஆராய்ச்சி அமைப்பின் மண்சரிவு அனுமதியும் வேண்டும்.

#8 கரத்தை_ரோட்டு

கிரகரி வாவிக்காரர்களுக்கும் ஒரு குறிப்பு, இங்கேயே சொல்லிவிடுகிறேன். அங்கே சதுப்பு நிலத்தின் மீது தலகல ஓடையை மறித்து ஏரி செய்தார்கள். 1881 இல் டிரவுட் மீன் விட்டார்கள். 1913 இல் தண்ணீரைச் சுரங்கம் வழியாக நானுஓயா ரோட்டில் பிளாக்பூல் மின்நிலையத்துக்குத் திருப்பினார்கள். "இயற்கை ஏரி" என்று எழுதும் விடுதிகள் கவனிக்க.

#9 குசினிப்பக்கம்

இதுவரை வந்த பட்டியலில் காணி இருக்கிறது, ஆணி இருக்கிறது, துரை இருக்கிறார். அந்தக் கருங்கல்லைச் சுமந்தவர்களும் அந்த வீட்டில் சமைத்தவர்களும் எங்கே? டைரக்டரியில் அவர்கள் இருக்கமாட்டார்கள். வேறு இடத்தில் தேட வேண்டும்.

தோட்ட ஓபிஸில் பழைய செக்ரோல், அதாவது ஆட்களின் பெயர்க் கூலிப் பதிவேடு, மிஞ்சியிருந்தால் பங்களா வேலையாட்கள் தனித் தலைப்பில் வருவார்கள்: அப்பு (பரிமாறுபவர்), கோக்கி (சமையல்காரர்), தோட்டக்காரர், தண்ணீர் தூக்குபவர், காவல்காரர். தோட்டக் கோவிலின் கும்பாபிஷேக மலரையும் உபயக் கல்லையும் பாருங்கள். அங்கே தோட்டம் தன் தமிழ்ப் பெயரில் இருக்கும். ஆங்கிலப் பெயருக்கும் ஆட்கள் சொல்லும் பெயருக்கும் ஒட்டே இல்லாத தோட்டங்கள் எத்தனையோ. பலகையின் தமிழ்ப் பகுதியில் அந்தப் பெயரைப் போடாமல் ஆங்கிலப் பெயரை எழுத்துக்கூட்டி எழுதினால், பக்கத்து லயத்திலிருந்து, அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளிலிருந்து, வருபவருக்கே அது எந்தத் தோட்டம் என்று விளங்காது. மூத்தவர்களிடம் கேட்கும்போது "எந்த வருசம்" என்று கேட்காதீர்கள். "அணை கட்ட முந்தியா பிந்தியா", "சிறிமா சாஸ்திரி ஒப்பந்தத்துக்கு முந்தியா" என்று கேளுங்கள். மலையகத் தமிழரின் குடியுரிமை பற்றிய அந்த ஒப்பந்தம் 1964, ஏரி 1965. அந்தப் பக்கத்து நினைவுகளில் இரண்டும் ஒட்டியே நிற்கும். உயிரோடு இருப்பவர்களின் பெயரைப் பலகையில் போட அவர்களின் சம்மதம் வேண்டும்.

இனி பிரேக்ஃபாஸ்ட். கோப்பி காலத்துத் துரைக்கு விடியற்காலையில் தேநீரும் ஏதாவது சின்னதாகவும் மட்டும். மலை சுற்றி வந்து முற்பகலில் சாப்பிட்ட பெரிய சாப்பாட்டைத்தான் பிரேக்ஃபாஸ்ட் என்றார்கள். ஏழு மணிக்கு முட்டையும் ரோஸ்ட் பாணும் வைத்து "பாரம்பரிய துரை காலை உணவு" என்று பட்டியலில் போடுவது வரலாறல்ல. சிவனொளிபாத மலை சீசனில், அதாவது உந்துவப் போயாவிலிருந்து (டிசம்பர் பௌர்ணமி) வெசாக் (மே பௌர்ணமி) வரை, விருந்தாளி நடுச்சாமத்தில் மலையடிவார ஊரான நல்லதண்ணிக்குப் புறப்பட்டுப் பத்துப் பதினொரு மணிக்குப் பசியோடு திரும்புவார். அப்போது வைக்கும் ரொட்டி, கட்டசம்பல், பருப்பு, இடியப்பம், சொதிதான் அந்தப் பழைய நேரத்துக்குக் கிட்ட வருகிறது. சாமான் மட்டும் லயத்துக் குசினியிலிருந்து வந்தது. அப்படியே எழுதுங்கள், நன்றாகத்தான் இருக்கும்.

ரொட்டி மாவில் தேங்காய்ப்பூ மாவின் பாதியளவாவது இருக்கட்டும். பிசைந்து அரை மணி நேரம் மூடி வைக்காவிட்டால் அந்தக் குளிரில் விறைத்துத் தோலாகிவிடும்.

#10 வரைபடப்பெட்டி

குசினிப்பக்கம் சொன்ன சீசன் விசயத்தில் இன்னொன்றும் இருக்கிறது. மலை சீசனின் கடைசி மாதங்களும் தண்ணீர் குறையும் மாதங்களும் ஒன்றே. காசல்ரீ நிரம்புவது வைகாசிக்குப் பிறகு வரும் தென்மேற்குப் பருவமழையில். விளம்பரப் படம் ஆவணியில் எடுத்தது, விருந்தாளி வருவது மாசியில். முற்றத்தின் கீழே செம்மண் சரிவும் பட்ட மரக்குற்றியும்! பழைய பாதை தெரிந்தால் அதையும் பலகையில் குறித்துவிடுங்கள். மறைக்க நினைப்பதை விட "நீங்கள் பார்ப்பது 1965 க்கு முந்திய பள்ளத்தாக்கின் சரிவு" என்று எழுதினால் முறைப்பாடு குறையும்.

#11 சுண்ணாம்புச்சாந்து

பலகையை மாட்டப் போகும் சுவரைப் பற்றி யாரும் கேட்கவில்லை. சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய கருங்கல் சுவரில் சீமெந்துப் பூச்சு அடித்திருந்தால் ஈரம் வெளியேற வழியில்லாமல் உள்ளே நின்று, பெயின்ட் கொப்பளித்து உரியும். அந்த இடத்தை மறைக்கத்தான் பலகை என்றால் பலகையும் ஆறு மாதத்தில் பூஞ்சணம் பிடிக்கும். சீமெந்தைத் தட்டி எடுத்துவிட்டு, ஊறிய சுண்ணாம்பு 1 பங்கு, கழுவிய மணல் 3 பங்கு. ஒரு சென்றிமீற்றருக்கு மேல் ஒரே தடவையில் அடிக்கக் கூடாது. முதல் பூச்சு நகத்தால் அழுத்தினால் தடம் விழாத நிலைக்கு வந்த பிறகே அடுத்தது. அவசரப்பட்டுக் கணப்பை எரித்துக் காயவைத்தால் வலைவலையாக வெடிக்கும்.

கணப்பு என்றதும் நினைவு வருகிறது. பச்சை டர்பன்டைன் மர விறகை எரிப்பதால்தான் புகைபோக்கிக்குள் தார் படிகிறது. பிளந்து, மழை படாமல் குறைந்தது ஆறு மாதம் அடுக்கி வைத்த விறகு வேண்டும். சீசனுக்கு முன் புகைபோக்கியைத் துடைக்க வேண்டும், குருவிக்கூடு எப்போதும் இருக்கும்.

பலகையைச் சுவரோடு ஒட்டாமல் அரை அங்குலம் தள்ளி, கட்டையில் ஏற்றி மாட்டுங்கள். ஆணியைக் கல்லில் அடிக்காமல் சாந்து மூட்டில் அடியுங்கள்.

#12 நாலாம்கட்டை

எல்லோருக்கும் நன்றி. பார்த்தது: முன்கட்டு சுண்ணாம்பு, பட்டை ஆணி. பின்கட்டு சீமெந்து, கம்பி ஆணி, அங்கேதான் 1865 ஓடு. கணப்பு ஒன்று, படுக்கையறை முதலில் இரண்டு. பழைய அங்குல வரைபடத்தில் அதே மேட்டில் கட்டடக் குறி உண்டு. குளியலறையில் அடைத்த கதவுத் தடமும் உண்டு. டைரக்டரி இனிமேல்தான். இதற்கிடையில் எழுதிய தமிழ் வாசகம்:

"இந்த வீடு தோட்டத்தின் சின்ன துரை பங்களாவாகக் கட்டப்பட்டது. முன்கட்டு பழையது, பின்கட்டு பின்னர் சேர்த்தது. வீடு கட்டிய காலத்தில் கீழே ஏரி இல்லை, கெஹல்கமு ஓயா ஓடிய பள்ளத்தாக்கு இருந்தது. 1965 இல் காசல்ரீ அணை முடிந்ததும் தண்ணீர் முற்றத்தடிக்கு வந்தது. கல்லைச் சுமந்து இதைக் கட்டியவர்களும் இதில் சமைத்தவர்களும் இந்தத் தோட்டத்து லயங்களில் வாழ்ந்த தமிழ்த் தொழிலாளர்கள்."

விடுதியான ஆண்டை எப்படிப் போடுவது? முதல் விருந்தாளி வந்த ஆண்டா, பதிவு செய்த ஆண்டா?

#13 உறுதிக்கட்டு

சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபையின் முதல் பதிவுச் சான்றிதழில் இருக்கும் ஆண்டைப் போடுங்கள், கேட்டால் காட்டலாம். வகையையும் அதில் உள்ளபடியே எழுதுங்கள். அங்கே பெட் அண்ட் பிரேக்ஃபாஸ்ட், ஹோம்ஸ்டே, கெஸ்ட் ஹவுஸ், பங்களா எல்லாம் தனித்தனி வகை. அரசாங்க வாடிவீடுகள் (ரெஸ்ட் ஹவுஸ்) வேறு மரபு, அதோடு முடிச்சுப் போட வேண்டாம். காசல்ரீயைச் சுற்றிய துரை பங்களாக்களை 2005 இல் சிலோன் டீ ட்ரெயில்ஸ் சொகுசு விடுதிகளாகத் திறந்த பிறகுதான் அந்தப் பக்கத்தில் இந்தத் தொழில் பெயர் பெற்றது. உங்களுடையது அதற்குப் பிந்தியது என்றால் "பாரம்பரிய விடுதி" என்ற சொல்லை எடுத்துவிடுங்கள். வீடு பாரம்பரியம், விடுதி புதிது.

#14 குசினிப்பக்கம்

ஒரே திருத்தம். "தமிழ்த் தொழிலாளர்கள்" என்று பொதுவாக முடிக்காமல், தோட்டத்தின் தமிழ்ப் பெயரை அங்கே போடுங்கள். "இன்ன தோட்டத்து மேற்கணக்கு ஆட்கள்" என்று. சிங்கள, ஆங்கிலப் பகுதிகளிலும் அந்தப் பெயரை அப்படியே வையுங்கள், மொழிபெயர்க்க வேண்டாம்.

#15 நாலாம்கட்டை

மேற்கணக்கு அல்ல, கீழ்க்கணக்கு. மேற்கணக்கின் துரை பங்களா ரோட்டுக்கு அந்தப் பக்கம், இன்னும் கம்பனியிடம். திருத்திப் போடுகிறேன்.